திருகோணமலையில் சுன்ஜா அம்மாவின் ஆங்கிலம்

சுன்ஜா அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. தென்கொரியாவின் தெற்குக் கரையோரத் தீவு ஒன்றில் சிப்பிப் பண்ணை நடத்திய குடும்பம். கணவர் இறந்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனோடு சென்னையில் வந்து தங்கியிருக்கிறார். நான் அவர் வீட்டுக்குப் போய் ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன். இலக்கணப் புத்தகம் எல்லாம் கிடையாது. காய்கறி வாங்குவது, டாக்டரிடம் வலியைச் சொல்வது, வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வது, இவ்வளவுதான் பாடம். அவர் கடைக்காரர் என்றால் நான் வாங்க வந்தவள். பிறகு இடம் மாறிக்கொள்வோம்.

ஒரு நாள் தக்காளி விலை பேசிக்கொண்டிருந்தபோது, பாடத்தை அப்படியே விட்டுவிட்டு, திருகோணமலை தெரியுமா என்று கேட்டார். அந்த ஊர்ப் பெயர் அவர் வாயில் பாதிதான் நின்றது. அங்கே ரமணன் என்று ஒருவர் இருக்கிறார், எங்கள் பண்ணையில் நான்கு வருடம் வேலை செய்தவர், எனக்கு மகன் மாதிரி, போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அந்த ஊரில் தமிழ்தானே பேசுவார்கள், அதனால் நீங்களும் வர வேண்டும் என்றார்.

நான்கு வருடம் கொரியாவில் இருந்தவருக்கு அந்த மொழி வராமல் இருக்குமா? பிறகு எதற்கு ஆங்கிலம்? கேட்டேன். அவர் வெகுநேரம் சொற்களைத் தேடினார். "கொரிய மொழியில் நான் முதலாளியின் மனைவி. ஆங்கிலத்தில் நான் விருந்தாளி" என்றார். நல்ல வாக்கியம் என்று மெச்சினேன். மெச்சியதோடு சரி. அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ரமணனுக்குப் போன் செய்தது நான்தான். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு, "வாறதெண்டா வாங்கோ" என்றார். அவ்வளவுதான். பக்கத்தில் சுன்ஜா அம்மா இரண்டு கைகளையும் கோர்த்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப்பாக வரச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

திருகோணமலையில் முதல் காலை, ஒரு சாப்பாட்டுக் கடையில் தொடங்கியது. இன்று என்னைப் பேச விடுங்கள் என்று சுன்ஜா அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கடைக்காரர் வந்ததும், காலை வணக்கம், இரண்டு தேநீர் வேண்டும், தயவுசெய்து, என்று பாடத்தில் இருந்தபடியே சொன்னார். சாதாவா பால் போட்டதா என்று அவரும் ஆங்கிலத்திலேயே கேட்டார். எங்கள் பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை. இருந்தும் சுன்ஜா அம்மா தடுமாறாமல், எது நல்லது என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைக்காரர் தேநீரோடு ஒரு பெரிய தட்டில் ரோல்ஸ், பற்றிஸ், வடை என்று அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் கேட்கவில்லை. சென்னையில் கேட்காமல் ஒரு அப்பளம்கூட வராது. ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று எனக்குச் சுருக்கென்றது. அவரைக் கூப்பிட்டு, யார் கேட்டார்கள், எதற்கு வைத்தீர்கள் என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். "விருப்பமெண்டா எடுங்கோ, இல்லாட்டி அப்பிடியே விடுங்கோ. சாப்பிட்டதுக்குத்தான் காசு" என்றார் அவர், கோபமே இல்லாமல். பக்கத்து மேசைகளில் எல்லாம் அதே மாதிரி தட்டுகள் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இதற்குள் சுன்ஜா அம்மா, வைத்ததை மிச்சம் விட்டால் மரியாதை இல்லை என்று நினைத்து, ஐந்தாவது ரோல்ஸைக் கையில் எடுத்திருந்தார். போதும் என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி இருக்கிறதே, அதைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

மொழி ஒன்றுதான் என்று நம்பிப் போனவள் நான். ஓட்டோக்காரர், "ஆறுதலா ஏறுங்கோ" என்றார். எங்கள் ஊரில் துக்க வீட்டில்தான் ஆறுதல் சொல்வார்கள். அவர் அவசரமில்லாமல் ஏறச் சொல்லியிருக்கிறார். வழியில் வெக்கையாக ஒரு காற்று மண்ணை வாரி அடித்தது. கச்சான் அடிக்குது என்றார். சாயங்காலம் கடற்கரையில் ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டு கச்சான், கச்சான் என்று கூவியபோது நான் காற்றைத்தான் நினைத்தேன். கூடைக்குள் வறுத்த வேர்க்கடலை இருந்தது.

ரமணனின் கடை துறைமுகத்தை ஒட்டிய தெருவில் இருந்தது. படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கும் இடம். பாதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே எண்ணெய் மணம் மட்டும் இருந்தது, ஆள் இல்லை. வலைக்கயிறு விற்கும் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரமணன் தோப்பூருக்குப் போய்விட்டார், யாரோ ஒருவரின் தண்ணீர் பம்ப் வேலை என்றார். பிறகு சுன்ஜா அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நீங்கள் வாறது அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனவர் போல கிடக்கு" என்றார்.

என்ன சொல்கிறார் என்று சுன்ஜா அம்மா கேட்டார். அவசர வேலையாம், மிகவும் வருத்தப்பட்டாராம் என்றேன். வருத்தம் நான் சேர்த்தது. அவர் கடை வாசலில் நின்று உள்ளே இருந்த இன்ஜின்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் ரமணன் கெட்டிக்காரன் என்றார்.

அன்று மாலை கோட்டைப் பக்கம் நடந்தோம். இந்த ஊரில் புள்ளிமான்கள் நாய்களைப் போலத் தெருவில் அலைகின்றன. ஒன்று வந்து சுன்ஜா அம்மாவின் பையை முகர்ந்தது. அவர் அதனிடம் ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார், வயது கேட்டார், குடும்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது வாழைப்பழத் தோலை வாங்கிக்கொண்டு போனது. பிறகு கடலைப் பார்த்து நின்று நாளைக்குப் பேச வேண்டியதை என்னோடு ஒத்திகை பார்த்தார். நான் ரமணன். அவர் கேட்கிறார்: சாப்பிட்டீர்களா? உங்கள் அம்மா நலமா? நான் உங்கள் சமையலறையைப் பயன்படுத்தலாமா? நான் ரமணனாக நின்று, தாராளமாக என்றேன், உங்களைப் பார்த்ததில் மிகவும் சந்தோஷம் என்றேன். அவர் பையில் ஒரு பொட்டலம் காய்ந்த கடற்பாசி வைத்திருந்தார். அதில் செய்கிற சூப் ரமணனுக்கு ரொம்பப் பிடிக்குமாம்.

மறுநாள் வலைக்கயிற்றுக் கடைக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு தோப்பூருக்குப் பஸ் ஏறினோம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்ப்பதுதான் மரியாதை என்று அவர் பிடிவாதமாக நின்றார். கிண்ணியா தாண்டியதும் பஸ் இருமி இருமி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், யாருக்கோ போன் செய்தார். எல்லோரும் இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் ஒதுங்கினோம்.

எனக்கு எரிச்சல். தனியாக நின்று கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். சுன்ஜா அம்மா பெண்கள் கூட்டத்துக்குள் போய்விட்டார். இது உங்கள் மகளா, அழகாக இருக்கிறாள், உங்கள் வீடு தூரமா, என்ன சமைப்பீர்கள்? கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண் பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சுன்ஜா அம்மா கையில் யாரோ கொடுத்த மாம்பழம் இருந்தது. அந்தப் பெண் என்னிடம் வந்து, "இவ உங்கட ஆரு?" என்று கேட்டார். என்னிடம் ஆங்கிலம் படிக்கிறவர் என்றேன். "வயசு போன மனிசி, பக்கத்தில போய் நில்லுங்கோவன்" என்றார். போய் நின்றேன். சுன்ஜா அம்மா மாம்பழத்தில் பாதியை எனக்குத் தந்தார்.

அங்கே நிற்கும்போதுதான் ரமணன் போன் செய்தார். தோப்பூரிலிருந்து காலையிலேயே திரும்பிவிட்டாராம். நாங்கள் தேடிப் போவதை வலைக்கயிற்றுக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "வெயிலுக்கை அலைய வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வீட்டை வாங்கோ" என்றார். வீட்டுக்கு அழைக்கிறார் என்று இதை மட்டும் நான் உள்ளபடி சொன்னேன். சொல்வதற்கு நன்றாக இருந்தது, அதனால் சொன்னேன்.

அவர் வீடு பாலையூற்றில். மூன்றாம் நாள் மதியம் போனோம். சுன்ஜா அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றி நேராக வைத்தார். உள்ளேயிருந்து முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். "தம்பி, நீதான் ரமணனா?" என்று கேட்டேன். சென்னையில் என்னைவிட இளையவர்களிடம் அப்படித்தான் பேசிப் பழக்கம். பின்னால் நின்ற அவர் மனைவி கலா என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "ஓம், நான்தான். நீங்கள் இருங்கோ" என்று ரமணன் கதிரையை இழுத்துப் போட்டார். அந்த நீங்கள் என்ற சொல் என் காதிலேயே நின்றது. அதன் பிறகு நானும் நீங்கள் என்றுதான் பேசினேன். ஆனால் முதலில் சொன்னது சொன்னதுதான்.

கதிரையை இழுத்த இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சுன்ஜா அம்மா சுவரில் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், முற்றத்து முருங்கையைப் பார்த்தார். அந்தக் கையை மட்டும் பார்க்கவில்லை.

கலா நண்டுக் கறியும் கணவாயும் மீன் சொதியும் சமைத்திருந்தார். கடைசியில் சட்டியில் உறைந்த எருமைத் தயிர், மேலே பாணி என்று அவர்கள் சொல்லும் பாகு. எங்கள் ஊர்த் தயிர் இதற்குப் பக்கத்தில் மோர் என்று சொல்லத் தோன்றியது. சுன்ஜா அம்மா கையாலேயே சாப்பிட்டார். நடுநடுவே ஒத்திகை பார்த்த கேள்விகளை எல்லாம் வரிசையாகக் கேட்டார். ரமணன் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார். ஆம். நலம். சாப்பிட்டேன். நான் போட்டிருந்த ரமணன் வேஷம் இவரைவிட எவ்வளவோ கலகலப்பானது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் சுன்ஜா அம்மா கடற்பாசிப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் உங்கள் சமையலறையைப் பயன்படுத்தலாமா என்று தெளிவாகக் கேட்டார். பிறகு, ஆஸ்பத்திரியில் நீங்கள் இந்தச் சூப் முழுவதும் குடித்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது என்றார்.

ரமணன் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நான் சொல்லுறதை அவவுக்கு அப்பிடியே சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

நீங்களே கொரிய மொழியில் சொல்லலாமே என்றேன், தப்பித்துக்கொள்ளும் எண்ணத்தில்.

"அந்தப் பாசையில எனக்கு ஓம் எண்டு சொல்லத்தான் வருது. வேற ஒண்டும் வாயில வராது. இங்கிலீசில இவ்வளவும் சொல்ல எனக்கு ஏலாது."

சொல்லத் தொடங்கினார். பனிக்காலம், விடியவில்லை. கடலில் சிப்பிக் கயிறு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். கயிறு சுற்றும் இயந்திரத்தின் பிரேக் வழுக்குகிறது என்று முதல் நாளே முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார் அவர். அன்றைக்குக் கையோடு கயிறு சுற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு கையில் கட்டு, மற்றக் கையில் மருந்து ஏறுகிறது. சுன்ஜா அம்மா சூப் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டியிருக்கிறார்.

"அழுது அழுதுதான் ஊட்டினவ. ஊட்டிக்கொண்டே சொன்னவ, படகில நடந்தது எண்டு சொல்லாத, அறைக் கதவு நசுக்கினது எண்டு சொல்லு எண்டு. நாங்கள் ஒரு குடும்பம், குடும்பத்தை ஆரும் காட்டிக் குடுப்பினமோ எண்டு கேட்டவ. வாய் நிறைய சூப். நான் ஓம் எண்டு தலையாட்டினனான். பிறகு விசாரிக்க வந்த ஆக்களுக்கும் கதவு எண்டுதான் சொன்னனான்."

கலா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அசையவில்லை.

சுன்ஜா அம்மா ஒரு நல்ல மாணவியைப் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். உண்மையில் காரணம் அது மட்டுமல்ல. இவரோடுதான் நான் ஊர் திரும்ப வேண்டும். நான் பழக்கிய ஆங்கிலம் இந்த வீட்டில் நல்லபடியாக ஒரு விருந்தில் முடிய வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. மூன்று நாளாகப் பூசி மெழுகிய பழக்கமும் இருந்தது. அந்த நாட்கள் அவருக்கு மிகவும் கஷ்டமான நாட்களாம், நீங்கள் சூப் கொண்டுவந்து ஊட்டியதை அவர் இன்னும் மறக்கவில்லையாம், என்று சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுன்ஜா அம்மா என்னைப் பார்த்தார். ரமணனைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அவர் நிறையச் சொன்னார். நீங்கள் கொஞ்சம் சொன்னீர்கள்" என்றார்.

தமிழில் வாக்கியங்கள் நீளமானவை என்றேன். இத்தனை வருடம் மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள், அதைச் சொன்னேன். ரமணனுக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் புரிந்திருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. சுன்ஜா அம்மாவிடம் ஆங்கிலத்தில், மெதுவாக, "சொல்லவில்லை. சூப் மட்டும்தான் சொன்னார்" என்றார்.

எனக்கு முகம் காதுவரை எரிந்தது. எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. சுன்ஜா அம்மா பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"மறுபடியும் சொல்லுங்கள். மெதுவாக. ஒவ்வொரு வாக்கியமாக" என்றார்.

அது வகுப்பில் நான் அவருக்குப் பழக்கிய முறை. புரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள், மறுபடி சொல்லச் சொல்லுங்கள், கேட்டதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். ரமணன் ஒரு வாக்கியம் சொன்னார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார்.

"நீங்கள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்" என்றேன்.

"நான் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்" என்றார்.

நீங்கள் என்பதை நான் என்று மாற்றிச் சொல்கிற இடத்தில் அவர் வகுப்பில் எப்போதும் தடுமாறுவார். இங்கே ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. பிரேக்கைப் பற்றிச் சொன்னேன், திருப்பிச் சொன்னார். கரண்டியைப் பற்றிச் சொன்னேன், திருப்பிச் சொன்னார். படகில் நடந்தது என்று சொல்லாதே என்றீர்கள் என்றேன். அங்கே நின்றார். ரமணன் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"படகில் நடந்தது என்று சொல்லாதே என்று நான் சொன்னேன்" என்றார்.

குடும்பத்தை யாராவது காட்டிக் கொடுப்பார்களா என்று கேட்டீர்கள் என்றேன். குடும்பம் என்பது அவர் என்னிடம் முதல் வாரமே கற்றுக்கொண்ட சொல். மகன், மருமகள், பேத்தி என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிப் பழகியது. அதையும் திருப்பிச் சொன்னார். முடிந்ததும், நான் ஒன்றும் சொல்லாமலேயே, அவராக இன்னொரு வாக்கியம் சொன்னார்.

"ஆமாம். நான் சொன்னேன். எனக்கு நினைவிருக்கிறது."

பிறகு முதல் முறையாக அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே என்னிடம், "டீச்சர், தயவுசெய்து வெளியே இருங்கள்" என்றார்.

முற்றத்தில் முருங்கை மரத்தடியில் போய் நின்றேன். உள்ளே சுன்ஜா அம்மாவின் குரல் கொரிய மொழியில் கேட்டது. எனக்கு அந்த மொழியில் நன்றி, வணக்கம் தவிர ஒரு சொல்லும் தெரியாது. இத்தனை மாதம் அவரைத் திருத்தித் திருத்தி, சொல் தேடித் தவிக்கிறவராக மட்டுமே எனக்கு அவரைத் தெரியும். இப்போது கேட்டது நிறுத்தாமல், தேடாமல், தாழ்ந்த குரலில் ஓடுகிற பேச்சு. ரமணன் நடுவில் ஏதோ சொன்னார். சின்னப் பதில் இல்லை அது.

கலாவும் வெளியே வந்து கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினார். எடுத்த துணியை மடிக்காமல் தோளில் போட்டுக்கொண்டே போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "எனக்கும் கதவு எண்டுதான் சொன்னவர். இண்டைக்குத்தான் நானும் கேக்கிறன்" என்றார்.

கல்யாணம் செய்துகொண்டவளிடம்கூடச் சொல்லாத ஒன்றை அந்த மனிதர் ஒரு மதியம் திரட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறார். அதை என் கையில் தந்து, குறைக்க வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறார். நான் சூப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே போட்டேன். கலாவின் தோளிலிருந்து வழிந்த ஒரு சட்டையை எடுத்து மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ரமணன்தான் முதலில் வெளியே வந்தார். ஓட்டோவுக்குப் போன் செய்துவிட்டு என் அருகில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, அந்தப் பாசையில ரெண்டு விதமாக் கதைக்கலாம். எங்கட நீ, நீங்கள் மாதிரி. அங்க இருந்த காலம் முழுக்க என்னை வா, போ எண்டுதான் கதைச்சவ. இண்டைக்கு நீங்கள் எண்டு கதைச்சவ."

சுன்ஜா அம்மா உள்ளே சொன்னதில் ஒன்றை மட்டும் எனக்குச் சொன்னார். கொரியாவுக்குப் போய், அன்று விசாரித்த அலுவலகத்தில், கதவு இல்லை படகு என்று சொல்லப் போகிறாராம். "இனி எனக்குத் தேவையில்லை எண்டு சொன்னனான். தனக்குத் தேவையாம்."

நான் செய்தது பிழை, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் வாசல் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து மூடித் திறந்து பார்த்தார். "நீங்கள் நல்லதுக்கு எண்டுதான் செய்திருப்பியள். அவவும் அண்டைக்கு அப்பிடித்தான் நினைச்சிருப்பா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சுன்ஜா அம்மா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். ரமணன் உள்ளே போய்க் கடற்பாசிப் பொட்டலத்தை எடுத்து வந்து இரண்டு கைகளாலும் நீட்டி, அவர்கள் மொழியில் மெல்ல ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், கோபம் இல்லை, அந்த மணம் மட்டும் தனக்கு ஏலாது என்று சொன்னதாகச் சொன்னார். சுன்ஜா அம்மாவும் இரண்டு கைகளாலும் வாங்கிப் பைக்குள் வைத்தார். இடுப்பு மடிய அவருக்குக் குனிந்தார். கலாவுக்கும் குனிந்தார். "போட்டு வாங்கோ" என்று விடைகொடுத்தார் கலா.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுன்ஜா அம்மா சொன்னபடியே கொரியாவுக்குப் போனார், போய்ச் சொல்லவும் செய்தார். மகனுக்கு அதில் வருத்தம். அதனால் ரமணனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கேட்கும் இடத்தில் நான் இல்லை. அவர்கள் இருவரும் எப்போதாவது போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று மட்டும் தெரியும். எந்த மொழியில் என்று தெரியாது.

அன்று பாலையூற்றிலிருந்து திரும்பியதும் அறைக்குப் போக சுன்ஜா அம்மாவுக்கு மனமில்லை. துறைமுகத்தை ஒட்டிய கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். வெக்கைக் காற்று அடங்கியிருந்தது. தூரத்தில் ஒரு பெரிய கப்பல் அசையாமல் நின்றது. கரையோரம் இரண்டு பேர் ஒரு படகை மணலில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் தொடங்கித் தொடங்கி நிறுத்தினேன். உங்களுக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்தேன் என்று கடைசியில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். வகுப்பில் ஒரு கடினமான வாக்கியத்தைக் கட்டுவதற்கு முன்னால் அவர் விரல்களால் முழங்காலில் தட்டிக்கொண்டிருப்பார். அப்படித் தட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன்" என்றார். பிறகு, "வாக்கியம் சரியா?" என்று கேட்டார்.

சரி என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி, அதையே இன்னொரு முறை சொன்னார். இந்த முறை சரியா என்று கேட்கவில்லை.